அக்காவும் அமெரிக்கன் காடியும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவின் இறுதி ஊர்வலத்தில் வெயிலில் நடந்து வந்தவர்கள். வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களும் இருக்கிறீர்கள். கருமக்கிரியை அழைப்போடு ஒரு மலர் போட்டு அனுப்பலாம் என்று என் பிள்ளைகள் சொன்னபோது, அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லாரும் கைகாட்டிவிட்டார்கள். அவருக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். அம்மா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார். அப்பா தோட்டத்துத் துரையின் காரோட்டி. காரைக் காடி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். துரையின் காடி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதன் பெயரை லயத்தில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்துக் கடைசியில் எல்லாரும் ‘அமெரிக்கன்’ என்றே அழைத்தோம். கூர்மையான மூக்கும், வெள்ளிபோல் பளபளக்கும் பம்பருமாக அது தோட்டத்துச் செம்மண் சாலையில் வரும்போது பிள்ளைகள் ஓரம் ஒதுங்கி நிற்போம். அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

துரை தன் நாட்டுக்குத் திரும்பியபோது காடியை அப்பாவிடமே விட்டுச் சென்றார். அதைச் செய்த கம்பெனியை அமெரிக்காவில் அப்போதே மூடிவிட்டார்கள். இனி இதற்குச் சாமான் கிடைக்காது என்று துரை எச்சரித்தாராம். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரங்களுக்கு நடுவே இருந்த தோட்டச் சாலையில் அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளை காடி ஓட்டுவதா என்று லயத்தில் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் காலை, காடி கழுவத் தண்ணீர் மொள்ளப் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. தோட்டத்து லாரி வெளியே போயிருந்தது. அம்மா அப்பாவின் காலைத் துணியால் கட்டி, பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அதுவரை பெரிய ரோட்டில் ஓட்டியே இராத அக்கா ஈப்போ ஆஸ்பத்திரிவரை ஓட்டிச் சென்றார். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.  ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அப்பாவைத் தூக்க ஆள் கூப்பிட்டு உள்ளே ஓடினார். அப்பா பிழைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தார்.

அக்காவுக்குத் திருமணம் கைகூடவில்லை. “பொண்ணு காடி ஓட்டுதாமே” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்களை உறவினர்கள் சிலர் அறிவார்கள். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்காவுக்கு ஈப்போவில் ஒரு கையுறை ஆலையில் வேலை கிடைத்தது. அங்கேயே புந்தோங்கில் வீடு பார்த்தார். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை அவரே வைத்துக் காப்பாற்றினார். என்னைப் படிக்கவைத்ததும் அவர்தான். லயத்தை விட்ட அன்று வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, காடியைத் தானே ஓட்டி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்காவைத் தேடி இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மாரிமுத்து அண்ணன், லாரி ஓட்டியவர். இன்னொருவர் ஆ செங் அண்ணன். எங்கள் தோட்டத்துச் சீனக் கடைக்காரரின் மகன், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். இருவரும் அந்தக் காடிமேல் பைத்தியம். ஆ செங் அண்ணனுக்குச் சொந்தமாகப் பட்டறை உண்டு. மூவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பி ஆறிப்போகும்வரை பேசுவார்கள். எந்த வருடத்து மூக்கு அழகு, கம்பெனி எந்த மாடலில் சறுக்கியது என்று சண்டையே நடக்கும். எங்கள் மாநிலத்தில் அந்த வகையில் ஓடிய காடி அக்காவுடையது ஒன்றுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

கைத்தொலைபேசி வந்தபின் அவர்கள் உலகம் பெரிதாகிவிட்டது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே காடியை வைத்திருக்கும் கிழவர்களின் குழுவில் அக்காவும் சேர்ந்தார். அக்காவின் ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் படம் அனுப்பினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து மழைதான். ஒருநாள் மூடிய தொழிற்சாலையின் படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடைந்து, முற்றத்தில் புல் மண்டிக் கிடந்தது. அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க வேலை செஞ்சவங்க எல்லாம் எங்க போயிருப்பாங்க, தம்பி?” என்றார்.

“யாருக்குத் தெரியும்க்கா?”

“அவங்களையும் வீட்ட காலி பண்ணச் சொல்லிருப்பாங்களோ?”



இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதி அக்காவுக்கு நெடுநாளாக இருந்தது. பாதத்தில் ஒரு சின்னப் புண். மருந்து போட்டோம், கட்டுப் போட்டோம், ஆறவில்லை. விரல் கறுத்தது. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அக்கா கேட்ட கேள்வி, “எங்க வரைக்கும் டாக்டர்?” என்பதுதான். இடது முழங்காலுக்குக் கீழே என்றார். அக்கா தலையை ஆட்டினார். டாக்டர் போனபின் என்னைப் பார்த்து, “கிளச்சு காலுடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. நான்தான் வெளியே போய் அழுதேன்.

காலை எடுத்து அக்கா வீட்டுக்கு வந்ததும் ஆ செங் அண்ணன் சும்மா இருக்கவில்லை. கிளச்சைக் கையால் இழுக்கிற மாதிரி ஓர் இரும்புக் கம்பியைப் பற்றவைத்துப் பொருத்தினார். “கைலேயே ஓட்டலாம்லா, அக்கா! போலாம், வா!” என்று உற்சாகமாகக் கூப்பிட்டார். நாங்கள் அக்காவைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தோம். கியரும் ஸ்டீரிங்கும் கம்பியுமாக மூன்று வேலைக்கு இரண்டு கைகள் போதவில்லை. காடி துள்ளி, எதிர்வீட்டுக் கால்வாயின் விளிம்பில் போய் நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லாதது கடவுள் செயல். அக்கா சாவியைக் கழற்றி மாரிமுத்து அண்ணனிடம் கொடுத்தார்.

“இனிமே நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அந்தச் சமயத்தில்தான் ஆயர் தாவார் ஊரில் பழைய காடிகள் கூடும் விழா வந்தது. அக்காவுக்குப் போக ஆசை. வேறு எதையும் அவர் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் காடியின் தண்ணீர் பம்ப் பலவீனமாக இருந்தது. அமெரிக்கக் கிழவர் ஒருவர் தம் கொட்டகையில் இருந்த ஒன்றை அனுப்பிவைத்தார். பிரித்துப் பார்த்தால் அது வேறு மாடலுக்கானது. துளைகள் ஒத்துவரவில்லை. ஆ செங் அண்ணன் பழைய பம்பையே பிரித்து, கடைந்து, மீண்டும் மாட்டினார்.

காலையில் கிளம்பினோம். அக்கா முன்சீட்டில், நீலச் சேலையில். பத்து காஜா ஊரைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். எதிரில் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கைகாட்டினார்கள். பாரிட் போகும் வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினோம். ஆ செங் அண்ணன் குனிந்து பார்த்தார்.

“பம்பு போச்சுலா. ஷாஃப்டே ஒடஞ்சிருச்சு.”

“மாத்திப் போட ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார் மாரிமுத்து அண்ணன்.

“இருந்தா நான் ஏன் இப்படி நிக்கறேன்?”

இருபுறமும் செம்பனை. நிழல் சாலைவரை எட்டவில்லை. இழுவை லாரிக்குப் போன் செய்துவிட்டு நின்றோம். அக்கா என்னை அருகில் கூப்பிட்டு, “தம்பி, எனக்கு அவசரமா இருக்குடா” என்றார் மெதுவாக. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பத்தின் வீடு தெரிந்தது. அக்காவைக் கைகளில் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அம்மாள் எங்களைப் பார்த்தார்.  “மாசோக், மாசோக்” என்று உள்ளே அழைத்தார். குளியலறை வாசலில் என்னை நிறுத்திவிட்டு, அவரே அக்காவைத் தாங்கிக்கொண்டு போனார். நான் படியில் வந்து நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் மலாயில் ஏதோ தேறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலை எடுத்தபோது அழாத அக்கா அந்தப் படியில் உட்கார்ந்து அழுதார்.

“அந்த அம்மாவுக்கு நான் யாருடா? ஒரு முகம் சுளிக்கல.”

இழுவை லாரி வந்து காடியை ஏற்றியது. நாங்கள் வாடகைக் காடியில் வீடு திரும்பினோம். மாலையில் அக்காவின் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. விழாத் திடலில் இரண்டு காடிகளுக்கு நடுவே ஒரு காலி இடம். கடைசிவரை அக்காவுக்காக விட்டுவைத்திருந்தார்களாம். அக்கா அந்தக் காலி இடத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

சில மாதங்களில் வலது காலிலும் புண் வந்தது. அதையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், பிள்ளைகளை விட்டுப் பேசச் சொன்னேன்.

“ஒரு கால எடுக்கச் சொன்னப்ப சரின்னேன்ல? இப்ப விட்ருடா, தம்பி. நான் இப்படியே இருந்துக்கறேன்.”

ஆ செங் அண்ணனையும் மாரிமுத்து அண்ணனையும் வரவழைத்தேன். அவர்கள் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். வந்தவர்கள் அக்காவுக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டார்கள். மூவரும் கொஞ்ச நேரம் தொலைக்காட்சி பார்த்தார்கள். போகும்போது ஆ செங் அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலை, நான் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இழுவை லாரி இறக்கிவிட்டுப் போன இடத்திலேயே, முன்வாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு காடி நின்றிருந்தது. சவப்பெட்டியை வைக்க இடமில்லை. மாரிமுத்து அண்ணன் சாவியைப் போட்டுத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. டயர்களில் காற்றும் இல்லை. அவர் ஸ்டீரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அப்போது நீங்கள்தான் வந்தீர்கள். சித்தப்பா மகன்கள், ஆலைத் தோழிகள், பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் வங்காளதேசப் பையன்கள், துக்கம் கேட்க வந்த பெரியவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைவைத்தீர்கள். எல்லாரும் சேர்ந்து அதைச் சாலைக்குத் தள்ளினோம். அதன்பின்தான் அக்காவை வாசலில் கிடத்த முடிந்தது.

அன்று தள்ளிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புண்ணைக் கழுவிக் கட்டிய தாதியர்களுக்கும், சோறு கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் நன்றி. பாரிட் சாலையோரத்து அந்த அம்மாளின் பெயரை நான் கேட்காமலே வந்துவிட்டேன். இதைப் படிக்கும் யாருக்கேனும் அவரைத் தெரிந்தால், என் அக்கா அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று தெரிவியுங்கள்.

எல்லாரும் போன பிறகு மாரிமுத்து அண்ணனும் ஆ செங் அண்ணனும் நானும் காடியை உள்ளே தள்ளிப் பார்த்தோம். வாசல் சற்று மேடு. பாதி ஏறும், பின்னுக்கு உருண்டு வந்துவிடும். மூன்று கிழவர்களால் முடியவில்லை. ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டோம். அதை என்ன செய்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. நீங்கள் கருமக்கிரியைக்கு வரும்போதும் அது சாலையோரத்தில்தான் நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரவேண்டியிருக்கும். பார்த்து வாருங்கள். வந்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.