நான் மாட்டிய கப்பி

தேனியில் அந்த மருத்துவரின் மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த தோள்பட்டை எலும்பு ஒன்று இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இரண்டு ஊசிகளைப் பற்றி எனக்கு விளக்கினார். ஒன்று மூட்டுக்குள்ளேயே போடுவது. வீக்கத்தை அடக்கும், ஆனால் சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். இன்னொன்று தோளுக்குப் பின்னால் ஓடும் நரம்பைச் சுற்றிப் போடுவது. வலியை மரத்துப்போகச் செய்யும். எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆளைப் பொறுத்தது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பம்புசெட் பழுது பார்ப்பவன் நான். இரண்டு சாமான் இருந்தால் ஒன்று நல்லது, ஒன்று மட்டம் என்றுதான் எனக்குத் தெரியும்.

வலி என் மச்சானுக்கு, அக்காவின் வீட்டுக்காரருக்கு. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நாட்களில் பகல் முழுக்கக் கையைத் தூக்கியபடியே பந்தலுக்கடியில் நின்ற மனிதர். பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு, அந்தத் தோளில் துண்டு பட்டாலே முகம் சுளித்தார். பத்து நாள் நான் ஊசி விசாரித்தேன். கம்பத்தில் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். கட்டப்பனையில் நர்ஸாக இருக்கும் தெரிந்த பெண்ணுக்குப் போன் போட்டேன். பத்து நாளும் அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். "ஏப்பா, ரெண்டுல ஒண்ணப் போடச் சொல்லேன். அவுக படுற பாட்டைப் பாக்க முடியல" என்று அக்கா அழுத பிறகுதான், மச்சானுக்கிருந்த சர்க்கரை நோயை நினைத்து, நரம்பு ஊசியே போதும் என்றேன்.

ஊசி போட்ட அன்று மருத்துவர், வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகவே சொன்னேன். பந்தல் கம்பியில் கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையை விழுந்த கையில் கட்டி, மறுமுனையை நல்ல கையால் இழுக்கவைத்தவன் நானேதான். யாரும் சொல்லித்தரவில்லை.

"பலமில்லாத தோளைத் தலைக்கு மேல அப்படி இழுத்தா உள்ளே நசுங்கும். வலியே அதனால வந்திருக்கலாம். மொதல்ல அதைக் கழட்டுங்க" என்றார் மருத்துவர்.

மச்சான் வெளியே ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியில் இருந்தார். "டாக்டர் என்ன சொன்னாக மாப்ளே?"

"கொஞ்ச நாளைக்கு ஓய்வு குடுக்கச் சொன்னாக மச்சான்."

அதற்கு மேல் வாய் வரவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை. கப்பியையும் கழற்றவில்லை, கழற்றினால் ஏன் என்று கேட்பார்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. முதல் வாரத்திலேயே படுத்துத் தூங்கினார். வலி போனதும் ஓய்வும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் கோலூன்றித் தோட்டத்துக்குப் போய், கப்பிக் கயிற்றைப் பல்லால் கடித்து விழுந்த கையில் முடிச்சுப் போட்டு, விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இழுத்திருக்கிறார். மரத்திருந்த தோளுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. மருந்தின் வேகம் குறைந்தபோது அவர் போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. பிறகு மூட்டு ஊசியும் போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். தோள் இறுகிவிட்டது.

எந்த ஊசி மேல் என்று என்னிடம் இப்போதும் சிலர் கேட்கிறார்கள். இரண்டும் அதனதன் வேலையைச் செய்தன. ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய என் வேலையைத்தான் நான் செய்யவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் மச்சான் சொல்வார்: "மாப்ள படிச்சுப் படிச்சுச் சொன்னான், ஓய்வெடுன்னு. நாந்தான் கேக்கல." போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார். "சொன்ன பேச்சக் கேட்டிருந்தா இந்தக் கதி வருமா?" என்று அக்கா அவரைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.