பாண் வெட்ட வந்தவள்

பழைய டச்சு ஓவியங்களில் பூங்கா எப்படி எல்லோரும் கூடும் இடமாக இருந்தது என்று மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காக அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தாள். வரிசை மரங்கள், சரிகைக் கழுத்துப்பட்டி அணிந்த பெண்கள், மேசை நிறைய உணவு, நடுவே வெட்டாத பாண் ரொட்டி. மூலையில் இரண்டு ஆண்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அவர்களை நோக்கி ஒருத்தி கத்தியுடன் ஓடிவருகிறாள்.

"இவ யாரைக் குத்தப் போறா, அம்மா?"

"சும்மா இரு. பாண் வெட்ட வந்தவள், பாவம்."

அந்த ஞாயிறு மகளுடைய பிறந்தநாள். கிரவீன் பூங்காவில் கொட்டகை பிடிக்க என் கணவர் விடியவே போய்ப் பாயை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தார். நாங்கள் கேக்குடன் போனபோது பாய் சுருட்டப்பட்டுக் குப்பைத் தொட்டியருகே கிடந்தது. கொட்டகைக்குள் வேறொரு தமிழ்க் குடும்பம் கோழி சுட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சார், டவுன் பஸ்ஸுல துண்டு போடற மாதிரி பாய் போட்டா பார்க் உங்களுதாயிடுமா?" என்றார் இடுக்கியுடன் நின்றவர். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

"ஓம், போட்டனான். எடுக்க நீ ஆரடா?"

கணவர்தான் முதலில் அறைந்தார். இடுக்கி அவர் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் வழிய, அவர் அங்கே கிடந்த கிரிக்கெட் மட்டையைத் தூக்கினார். "அப்பா!" என்று மகள் நடுவில் பாய்ந்தாள். மட்டை அவள் முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம்.

நான் ஓடினேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். இடுக்கிக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, "அக்கா, வேணாங்க்கா," என்றார். ஏனென்று விளங்கவில்லை. தரையில் கிடந்த மகள் அவரைப் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் நடுங்கினாள்.

"அம்மா, ப்ளீஸ். ட்ராப் இட்."

என் கையில் கேக் வெட்டும் கத்தி இருந்தது. பொலிஸ் வந்து முதலில் வாங்கியது அதைத்தான்.

மகளின் கையில் இன்னும் மாக்கட்டு இருக்கிறது. படம் சுவரில் இல்லை. நேற்றுக் குசினியில் அவளுக்கு மாம்பழம் வெட்டிக்கொண்டே, "பிள்ளை, அவள் பாண் வெட்டத்தான் வந்தவள்," என்றேன்.

"ஓம் அம்மா," என்றாள். நான் கத்தியை வைத்துவிட்டுத் தட்டு எடுக்கத் திரும்பியதும், மற்றக் கையால் கத்தியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.