அப்பாவுக்கு வாசம் சொன்னவர்கள்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். உங்களில் பலர் வேலம்பாளையத்தில் எங்கள் மாடி வீட்டுப் பால்கனியில் ஒருமுறையாவது நின்றிருப்பீர்கள். காபி வருவதற்கு முன்பே அப்பா உங்களைத் தொட்டிகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, "வாசம் வருதுங்களா?" என்று கேட்டிருப்பார். பூவை வளர்த்தவரே இப்படிக் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தவர்களும் உண்டு. அவர் ஏன் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா சோமனூர்ப் பக்கம் பிறந்தவர். கிணறு வற்றிப்போய் வெள்ளாமை கைவிட்ட வருடம், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வந்து ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தார். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் துணியை வெளுக்கும் பிளீச்சிங் வேலை. முகத்துக்குக் கவசம் கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை, கொடுக்கும் வழக்கமும் இல்லை. தோளில் கிடக்கும் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நெடி எழும்பும் தொட்டிமேல் குனிந்து நிற்பார். அந்த வேலையில்தான் என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. துணி சரியாக வெளுக்கவில்லை என்றால், லாரி வாசலில் நின்றாலும் அனுப்ப விடமாட்டார். "வெள்ளை வரலைன்னா வரலைன்னு சொல்லிப்போடோணும். இப்ப மறைச்சா நாளைக்குச் சாயம் காட்டிக் குடுத்துரும்" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். மதிப்பெண் குறைந்ததற்கு ஒருநாளும் திட்டியதில்லை. மறைத்ததற்குத் திட்டியிருக்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். பால்கனியைப் பார்த்ததும் அம்மா, "ஒரு மல்லிச் செடி வெச்சாத் தேவலீங்க" என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா பட்டறையிலிருந்து காலி டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, பாதியாக அறுத்து, நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, மண் நிரப்பிச் செடியை நட்டார். திருப்பூரில் அப்போது பாதி வீடுகளில் டிரம்தான் பூந்தொட்டி. ஒரு வாரத்தில் செடி கருகிவிட்டது. குனிந்து மண்ணைக் கிளறிய அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

"ஏனுங்க, பிளீச்சிங் நெடி இந்தத் தூக்குத் தூக்குதே, உங்களுக்குத் தெரியலீங்களா?"

அப்பா டிரம்முக்குள் முகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே" என்றார். மூக்கு எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. டாக்டரிடம் காட்டினோம். இனி திரும்புவது கஷ்டம் என்றார்.

அதோடு பூச்செடி ஆசையே போய்விடும் என்று நினைத்தோம். நேர்மாறாக நடந்தது. அப்பா மண்தொட்டி வாங்கிவந்து மறுபடி மல்லி நட்டார். அது மொட்டு வைத்த அன்று என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ போய் மோந்து பார்த்துட்டு வந்து சொல்லு. எம்பட மூக்கு இனி நீதான். ஆனா ஒண்ணு, எனக்காகப் பொய் சொல்லப்படாது" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் வாசம் சொல்வது என் வேலை. வெறுமனே "நல்லா இருக்குதுங்கப்பா" என்றால் விடமாட்டார். நேற்றைவிடக் கூடவா, குறைவா, பக்கத்தில் போனால்தான் வருகிறதா, கதவருகிலேயே வருகிறதா என்று குடைவார். பரீட்சைக்குப் படித்ததைவிட நான் மோந்து பார்த்ததுதான் அதிகம் என்று அம்மா கேலி செய்வார்கள்.

மல்லியோடு நிற்கவில்லை. சித்திரை வைகாசியில் மல்லி என்றால், ஐப்பசி மழைக்கு முல்லை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கும்போது தொட்டிகளை உள்ளே இழுத்து வைத்து, கொடிகளைப் பனியன் துணிக் கிழிசலால் கட்டுவார். தண்டு அறுபடாது, துணி இழுத்துக் கொடுக்கும். மார்கழியில் ஊதா நிறத்தில் டிசம்பர் பூ. அவருக்கு அதன்மேல் தனிப் பிரியம். "இதுக்கு வாசமே கெடையாது. இதுகிட்ட மட்டும் நானும் நீங்களும் ஒண்ணு" என்பார். அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

கல்யாணமாகிப் பெருமாநல்லூர் போன பிறகு என் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில் நான் அம்மா வீட்டில் இருந்தபோது காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு, ஒரு காலையில் அப்பா கை நிறைய மல்லியை நீட்டி, "வருதா கண்ணு?" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இல்லீங்கப்பா" என்றேன்.

அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. "எம்பட பீடை உனக்கும் ஒட்டிருச்சா சாமி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இந்தக் காய்ச்சல் வந்தவர்கள் பலருக்கும் இப்படித்தான், சரியாகிவிடும் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. தினமும் காலையில் என்னைப் பால்கனியில் உட்கார வைத்து மல்லி, காபித்தூள், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடிப்பார். சோறு இறங்கவில்லை அவருக்கு. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு கண்ணு, மனுசன் ஒரு வாய் சோறு திங்கட்டும்" என்றார்கள். என்னால் முடியவில்லை. அந்த மனிதரிடம் வாசத்தில் எப்படிப் பொய் சொல்வது?

வைகாசியில் ஒருநாள் தூறல் போட்டபோது தொட்டி மண்ணிலிருந்து லேசாக ஏதோ எட்டிப் பார்த்தது. "அப்பா, மண்ணு வாசம் வருதுங்க."

"நெசமாவா? எனக்காகச் சொல்லாத."

"நெசமாத்தானுங்கப்பா."

அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு அவர் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மூக்கை எடுத்துக்கொண்ட அதே நெடிதான் அதையும் தின்றிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது இன்னும் ஆத்திரம் வருகிறது. அவருக்கு ஆத்திரம் இல்லை. போன வருடம் கார்த்திகையில் படி ஏற முடியாமல் ஆனதும், கட்டிலைப் பால்கனிக் கதவோரம் போடச் சொன்னார். படுத்தபடியே மல்லியைக் கவாத்து செய்யச் சொல்லிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு கிளையாக வெட்டிக் காட்டினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த பட்டறை நண்பர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்த நர்ஸ் அம்மாவுக்கும், கடைசிவரை கூட இருந்த சித்தப்பா குடும்பத்துக்கும் நன்றி. கீழ்வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்கார அக்கா தினமும் மேலே வந்து செடிக்குத் தண்ணீர் விட்டார். "வாசம் வருது அப்பா" என்பதுதான் அவர் பேசிய முதல் தமிழ். அவருக்கும், அந்தப் பால்கனியில் நின்று ஒரு பூவையாவது மோந்து பார்த்து அப்பாவுக்கு உண்மையைச் சொன்ன உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. அப்பா மறைவதற்கு முந்தைய நாள் காலை, வெயில் பால்கனிக்குள் வந்திருந்தது. வெட்டிவிட்ட மல்லி வெறும் குச்சியாக நின்றது. டிசம்பர் பூ மட்டும் பூத்திருந்தது. அப்பா கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, ஆழமாக இழுத்தார்.

"கண்ணு, மல்லி பூத்திருக்குதா? வாசம் வருது."

என் வாழ்நாளில் அப்பா அந்தச் சொல்லைக் கேள்வியாக இல்லாமல் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்பா என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கப்பா" என்றேன். "நல்லா வருதுங்க."

அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கும் வருதுங்க" என்றார்கள் அம்மா.

"அப்பச் சரி" என்றார் அப்பா.