மெயினை அணைச்சாச்சா?

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் 'மெயின்'. வயரிங் வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றே, "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்பார்.

"எழவு வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் கேப்பாரு" என்று அக்கா கேலி செய்வாள்.

அத்தானுக்கு லைசென்ஸ் கிடையாது. ஒரு காண்ட்ராக்டருக்கு ஏணி தூக்கிப் போய்க் கற்றுக்கொண்ட வேலை. ஆனால் கைநேர்த்தி உண்டு. சுவரை எங்கே வெட்டினார், எங்கே பூசினார் என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அக்காவின் சலவைக் கடையில் துணி மடிக்க வந்ததிலிருந்து அந்தக் கைகளை நான் பார்த்துவந்தேன்.

கரண்ட் பில் ஏறியபோது பேக்கரிக்காரர்தான் முதலில் வந்து கேட்டார். மீட்டருக்கும் மெயினுக்கும் முன்னாலேயே ஒரு வயரைப் பிரித்து, சுவருக்குள் மறைத்து, அவருடைய அடுப்புக்கு இழுத்துக் கொடுத்தார் அத்தான். அடுப்பு எவ்வளவு தின்றாலும் மீட்டருக்குத் தெரியாது. காதும் காதும் வைத்தாற்போல ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் எங்கள் சலவை மெஷினுக்கும் அப்படி ஒரு வயர் போட்டார். என்னிடமும் அக்காவிடமும் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது.

ஒரு மத்தியானம் மெஷின் பாதியில் நின்றுபோனது. அத்தான் வெளியே போயிருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே அக்கா மெயினை இறக்கினாள். விளக்கு அணைந்தது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

"உங்க அத்தான் கேட்டா, மெயினை அணைச்சுட்டுத்தான் தொட்டேன்னு சாட்சி சொல்லுடி" என்றாள்.

மெஷினின் பின்மூடியைக் கழற்றி, ஈரக்கையை உள்ளே விட்டாள். கை திரும்பி வரவில்லை. துணி கிளறும் மரக்கழியால் அடித்துத்தான் அதைப் பிரித்தேன். கீழே விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. ஃபேன் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் ஓடிவந்து அவளை மடியில் போட்டுக் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மெயினை அணைச்சுட்டுத்தான் தொட்டா அத்தான்" என்றேன்.

அவர் மெயின் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரைச் சுத்தியலால் அடித்தார். பூச்சு உதிர்ந்து உள்ளே வயர் தெரிந்தது. மெயினுக்குக் கட்டுப்படாத வயர்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் அவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினார். தனியாக விட மனம் வராமல் நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, அந்த வயரை எடுத்துடுறேன். காசு வேணாம்."

"என்ன மெயின், திடீர்னு சாமியாராயிட்டே?" பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்தார். "உன் வீட்டுல நடந்ததுக்கு எனக்கும் வருத்தந்தான்ப்பா. அதுக்காக என் அடுப்பை அவிக்கணுமா? இங்க யாரும் உள்ள கையை விட மாட்டாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"போயிட்டு வா."

மாடி வீட்டு அம்மா கதவை முழுதாகக்கூடத் திறக்கவில்லை. "போட்டது நீ, இப்ப பயமுறுத்துறதும் நீ. புள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுறியா?"

ஒரு வீட்டிலும் விடவில்லை. அத்தான் நேராக மின்சார அலுவலகத்துக்குப் போய், தானே எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் வந்து சுவர்களை உடைத்தார்கள். போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. தெருவில் யாரும் எங்கள் கடைக்குத் துணி போடுவதில்லை. 'காட்டிக் கொடுத்தவன் வீடு' என்று என் காதுபடவே பேசினார்கள்.

சிறைக்குப் பார்க்கப் போனபோது அத்தான் சாப்பாட்டைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ பேசவில்லை.

"பேக்கரி?"

"எடுத்துட்டாங்க அத்தான்."

"மாடி வீடு? மாவு மில்லு?"

"எல்லாம் எடுத்தாச்சு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. பச்சைச் சுவரு. தண்ணி சூடு பண்ற ஹீட்டருக்குப் போட்டேன். எந்த வீடுன்னு ஞாபகம் வரல. பூச்சை வச்சும் கண்டுபிடிக்க முடியாது."

ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள் நான். இப்போது கடையைப் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாகப் போகிறேன். சுவர்களுக்கு மறுபடி மறுபடி வண்ணம் பூசுகிறார்கள். பச்சை எங்கே என்று தேடுவது? ஒவ்வொரு கதவாகத் தட்டி, "மெயினை அணைச்சதும் ஹீட்டரும் நிக்குதான்னு பாருங்க" என்கிறேன். சிலர் பார்க்கிறார்கள். சிலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

இன்னும் கிடைக்கவில்லை.