பேசாத நான்கு நிமிடங்கள்

லக்சிகாவுக்குப் பயம் கூடப்பிறந்தது. துணுக்காயிலிருந்து வவுனியாவுக்குப் படிக்க வந்த முதல் கிழமையே, பஸ் சரியான பஸ்தானா என்று மூன்று தரம் கேட்டு கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கிவிட்டது, அவளோடு படிக்கிற நான்தான். அந்தப் புண்ணியம் என்னையே சேரும்.

போரில் காணாமல் போனவர்களின் மனைவிமாரைப் பற்றியது அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. போனில் பதிவு செய்த பதினெட்டுப் பேச்சுகளையும் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் போய் நான்குதான் முடிந்தது.

"ஏஐயிட்டைக் குடு, விசரி," என்றேன்.

பயந்தவள் சும்மா நம்பவில்லை. தான் எழுதிய நான்கையும் அதனிடம் கொடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டாள். எங்கள் பேச்சை அப்படியே பிடித்திருந்தது. பிறகுதான் மிச்சத்தைக் கொடுத்தாள். அவற்றிலும் ஆட்கள் பேசுகிற இடங்களை அங்கங்கே ஓடவிட்டுச் சரிபார்த்தாள். பேசாத இடங்களைக் கேட்காமல் தாண்டிவிட்டாள். ஒன்றுமில்லாத இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் இப்படியான கதை கேட்கப் போனால் ஒரு முறை உண்டு. சொல்பவர் வாயை மூடினால் நாங்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை. பதிவை நிறுத்துவதும் மரியாதையில்லை. அது தன்பாட்டுக்கு ஓடும், நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் வரைவு அவளுடைய மேற்பார்வையாளர் சேருக்குப் போய்விட்டது. இறுதியாக ஒப்படைக்கமுன் அவரவர் சொன்னதை வாசித்துக் காட்டுவதாக அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். போன சனிக்கிழமை முள்ளிவாய்க்காலுக்கு, அவர்களில் ஒருவரான சிவலட்சுமி அம்மாவிடம் போனோம். துணைக்கு நான். அம்மா வாசலில் கதிரை போட்டுத் தந்தார். லக்சிகா வாசித்தாள்.

"அவர் செத்திட்டார். இப்ப நான் அதை ஏத்துக்கொண்டிட்டன்."

அம்மா கையைத் தூக்கி மறித்தார். "நான் எப்ப பிள்ளை அப்பிடிச் சொன்னனான்?"

கணவர் காணாமல் போய்ப் பதினாறு வருடம். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை இரண்டு தரம் திருப்பி அனுப்பிய மனுசி அவர்.

லக்சிகா பதிவில் அந்த இடத்தைத் தேடி ஓடவிட்டாள். "கடைசியா அவரைக் கண்டது..." என்று தொடங்கிய அம்மாவின் குரல் நின்றது. பிறகு கடல் இரைச்சல். ஒரு சேவல். நான்கு நிமிடம் ஒருவரும் பேசவில்லை. அந்த வெறும் இடத்தில் ஏஐ தானாகவே இரண்டு வசனங்களை எழுதி வைத்திருந்தது. மற்றப் பெண்களும் இப்படித்தானே பேசாமல் இருந்திருப்பார்கள், அவர்கள் வாயில் எதையெதை வைத்திருக்கிறதோ?

லக்சிகா அந்த இடத்திலேயே சேருக்கு அழைப்பு எடுத்தாள். ஒப்படைக்க இரண்டு கிழமைதான் இருந்தது, தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"சேர், நான் அனுப்பினதை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. அம்மா அப்பிடிச் சொல்லேல்லை. பதினாலையும் நான் முதலிலயிருந்து கேக்கவேணும்." சொல்லி முடிக்கமுன் அழுதுவிட்டாள்.

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதை எத்தினை பேர் வாசிச்சவை?"

"ரெண்டு பேர்தான் அம்மா. சேரும் இந்த ஸஹ்றாவும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப பிள்ளை, நீங்கள் அவர் இல்லையெண்டே நினைச்சிட்டீங்களோ?"

நினைத்தேன். வாசித்துவிட்டு அழுதும் இருந்தேன்.

"இல்லை அம்மா," என்றேன். அவ்வளவு பயந்து நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.