பாலன் எடுத்துக் கொடுத்த சனல்

வவுனியாவில் வேண்டாமென்று கழற்றிப் போட்ட பழைய டிவி டிஸ் பொக்ஸுகளை அள்ளி வந்து, துடைத்து மினுக்கி, முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்களில் தள்ளிவிடுவதுதான் பாலனின் பிழைப்பு. காசு கட்டிப் பார்க்க வேண்டிய சனல்களைக் களவாகத் திறக்கும் இலக்கங்களையும் அவனே ஏற்றிக் கொடுப்பான். கொம்பனிக்காரன் இலக்கத்தை மாற்றினால் எல்லா வீட்டிலும் படம் ஒரேயடியாகப் போய்விடும். அன்றைக்கு அவனுடைய போன் ஓயாது. திட்டு வாங்கி வாங்கிக் காது தடித்துப் போன மனிதன்.

இந்த முறையும் அப்படித்தான் போனது. மற்றவர்கள் போனில் திட்டினார்கள். தண்ணீரூற்றிலிருந்து அமராவதி மட்டும் கொதிக்கிற வெயிலுக்குள் பஸ் ஏறி அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எனக்கு நாடகமும் வேண்டாம், படமும் வேண்டாம். அந்த வெளிநாட்டுத் தமிழ்ச் சனலை மட்டும் எடுத்துத் தாங்கோ. போன மாசம் அதில என்ர நிருஷனைக் கண்டனான்."

நிருஷன் அவருடைய ஒரே மகன். கிளிநொச்சியில் தங்கி மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகியவன். கடைசிச் சண்டையில் காணாமல் போனான். சனலில் ஏதோ ஒரு கோயிலில் தேர் இழுத்துக்கொண்டு நின்றானாம். லண்டனிலும் கனடாவிலும் இப்போது நம்மவர்கள் அச்சு அசலாக இங்கே போலத்தானே தேர் இழுக்கிறார்கள். மகன் தப்பி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அமராவதி முடிவே கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அந்தத் திருவிழாவைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். இன்னொரு தரம் பார்த்தால் எந்தக் கோயிலென்று பிடித்துவிடலாம்.

பாலன் ஊரை ஏய்ப்பவன்தான், ஆனால் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அடுத்த இலக்க மாற்றத்தைத் தாங்காத பழசு என்று தெரிந்துதான் அவருக்கு அந்தப் பொக்ஸை விற்றிருந்தான். வெள்ளிக்கிழமை தன் வீட்டு நல்ல பொக்ஸைக் கழற்றிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனான். கூரையில் ஏறி டிஸ்ஸைத் திருப்பி, இறங்கி வந்து ரிமோட்டை அமுக்கினான். படம் வந்தது. அமராவதி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இருங்கோ தம்பி, நீங்களும் பாத்திட்டுப் போங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுத் தேநீரும் கொடுத்தார்.

தேர் வந்தது. அமராவதி எழுந்தோடிப் போய்த் திரையில் விரலை வைத்தார்.

"இந்தா, இவன்தான்! வயசே போகேல்லை, பாத்தீங்களே? அப்பிடியே இருக்கிறான் என்ர பிள்ளை."

பாலன் தேரைப் பார்த்தான். அது லண்டனும் இல்லை, கனடாவும் இல்லை. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் அவன் பிறந்து வளர்ந்த ஊர்க் கோயில். கடைசிச் சண்டைக்கு முந்தின சமாதான காலத்தில் ஓடிய தேர். சனல்காரன் பழைய கசெட்டைப் போட்டுப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

நிருஷனோடு தோள் உரசிக்கொண்டு, வெறும் மேலோடு வடம் இழுத்தான் மெலிந்த பெடியன் ஒருவன். பாலன் தேநீரைக் கீழே வைத்தான். அந்தப் பெடியன் பாலனேதான். பக்கத்தில் நின்ற நிருஷனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை. அன்றைக்கு எத்தனையோ பேர் வடம் பிடித்தார்கள்.

சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தான். அதற்குள் அமராவதியின் விரல் கொஞ்சம் நகர்ந்தது.

"இவனோட ஒட்டிக்கொண்டு நிக்கிற இந்தப் பெடியனைப் பாருங்கோ தம்பி. சிநேகிதனாக்கும். இவனை ஒருக்காக் கண்டுபிடிச்சாக் காணும். என்ர பிள்ளை எங்க எண்டு சொல்லிப்போடுவான்."

வழுக்கை விழுந்த தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அம்மா, தேடுவம்" என்றான் பாலன்.