குறுக்கே நின்ற குட்டி

எனக்கு மூக்கின் மேல் கோபம். வழியில் வாளி இருந்தால் வாளியைத் திட்டுவேன், அதை அங்கே வைத்தவரையும் திட்டுவேன். வகுப்பில் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், "ஏன் பேய் மாதிரி திடீர்னு வந்து நிக்கிற?" என்று கத்துவேன். முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஏதாவது ஒரு கன்றிப்போன காயம் இருக்கும். உலகத்தில் பொருளை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் யாருமே இல்லை என்பது என் முடிவு. அம்மா உட்பட.

மாத்தளை டவுனில் தொழில்நுட்பக் கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் ஒரு சிறிய நிலையத்திலிருந்து வந்து பேசினார்கள். வழிகாட்டப் பழக்குவது அவர்களுடைய வேலை. அதற்கு முன்னால், குட்டியாக இருக்கும்போது யாராவது வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யக் கூடாது, கீழே கிடப்பதைத் தின்னக் கூடாது, பஸ் ஹோர்னுக்குப் பயப்படக் கூடாது, ஆளைக் கண்டு குரைக்கக் கூடாது. சம்பளம் கிடையாது, தீனி மட்டும் தருவார்கள். எங்கள் வகுப்பில் கை தூக்கியது நானும் என் கூட்டாளியும்தான். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர். அவர்கள் இருந்த குவாட்டர்ஸில் நாய் வைக்க முடியாது. அதனால் குட்டி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தது. அவள் வாரத்தில் பாதி நாள் குட்டியைச் சாட்டாக வைத்து எங்கள் வீட்டில் சாப்பிட வந்தாள்.

மஞ்சள் நிறக் குட்டி. அதற்குப் பெயர் உண்டு. இங்கே எழுதமாட்டேன், எழுதினால் வாய் தானாகக் கூப்பிட்டுவிடும். எங்கள் லயத்தில் சண்டை, சமாதானம், சாமி கும்பிடுவது எல்லாம் தமிழில்தான் நடக்கும். நாய்க்கு மட்டும் எல்லோரும் இங்கிலீஷ் பேசுவார்கள். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பக்கத்து வீட்டு அத்தைகூட, "சிட்டு, சிட்டு" என்பார். குட்டியும் மரியாதைக்கு உட்காரும்.

அது யாருக்குப் போகப்போகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். டவுனில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்த ஓர் அக்கா. பிறந்தபோது பார்வை இருந்து, பிறகு போனவர். ஒருநாள் கல்லூரிக்கு அழைத்து வந்தார்கள். குட்டியின் காதை மெதுவாகத் தடவிப் பார்த்து, "இத நல்லா வளத்துக் குடுங்க தங்கச்சி. நான் தனியா ரோட்டு மாறி அந்தப் பக்கம் போயி எவ்வளவோ நாளாச்சு" என்றார். எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. குட்டி தேறினால் அவருக்கு. தேறாவிட்டால் அது யாராவது வீட்டுச் செல்லமாகப் போய்விடும், அவர் அடுத்த குட்டிக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த குட்டி எப்போது கிடைக்கும் என்று அந்த நிலையத்துக்கே தெரியாது.

பகலில் குட்டி தங்கம். சத்தத்துக்குப் பழக்குவதற்காக அதைத் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குக் கொண்டுபோனோம். லொறி பின்னுக்கு வரும், மூட்டை தூக்குகிறவர்கள் கத்திக்கொண்டே ஓடுவார்கள், முட்டைக்கோவா இலை காலடியில் நசுங்கி வழுக்கும். குட்டி ஒரு கரட்டைக்கூட முகரவில்லை. நான்தான் ஒரு தள்ளுவண்டியில் போய் இடித்து வெங்காயக்காரரிடம் ஏச்சு வாங்கினேன். "கண்ணு தெரியலையா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டாளி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மழை தொடங்கிய பிறகுதான் எல்லாம் மாறியது. வகுப்பு முடிந்து வந்ததும் குட்டியைக் கீழே ரோட்டுக் கடைவரை நடத்திக்கொண்டுபோய்த் திரும்பி வருவது வழக்கம். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே போகும் பாதை. பாதி வழியில் ஒரு வளைவு. அங்கே பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடும் கான் ஒன்று உண்டு, அதன்மேல் ஒரு கல்பலகை. அதற்குக் கீழ்ப்பக்கம் மயானம். பிறந்ததிலிருந்து நடந்த பாதை, கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன் என்று பீற்றிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் அந்த வளைவில் குட்டி நின்றது. இடது பக்கமாக நடந்துகொண்டிருந்தது, சட்டென்று என் முன்னால் வந்து, உடம்பை என் முழங்காலில் ஒட்டவைத்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டது. வாரைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. முதலில் இங்கிலீஷில் ஏசினேன், பிறகு தமிழில் ஏசினேன். குரைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. உடம்பு மட்டும் நடுங்கியது, என் காலில் அது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓரமாகப் போய், கல்பலகைமேல் காலை வைத்து, நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும். வெயில் இருந்தால் துள்ளிக்கொண்டு போகும், வெளிச்சம் இறங்கத் தொடங்கினால் குறுக்கே வந்துவிடும். வளைவில் மட்டுமென்றால் மயானத்தின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். வெட்டிப் போட்ட மரத்துக்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் லயத்து வாசற்படியடியில்கூட நின்றது.

அந்த மாதம் மேல் லயத்தில் இரண்டு நாய்கள் காணாமல் போயிருந்தன. புலி என்றார்கள். எங்கள் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். ஆகவே குட்டிக்குப் புலியின் வாடை அடிக்கிறது என்று நான் நினைத்தேன். அம்மா வேறு மாதிரி நினைத்தார். "நமக்குத் தெரியாதது நாய்க்குத் தெரியும்டி" என்று சொல்லி, என் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். குட்டியின் கழுத்துப் பட்டியிலும் ஒன்று. எலுமிச்சம்பழம் சுற்றி வாசலில் நசுக்கினார். குட்டி அதை முகர்ந்து பார்த்துத் தும்மியது. அன்றைக்கும் குறுக்கே நின்றது.

கூட்டாளி ஒருநாள் வாரைத் தன்னிடம் கேட்டாள். கொடுத்தேன். அதே வளைவு, அதே நேரம். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு, எதுவுமே இல்லாததுபோல அவளோடு கல்பலகையைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து வாரை என் கையில் கொடுத்தாள். உடனே முன்னால் வந்து நின்றது.

எனக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். சோறு போட்டது நான், சிறுநீர் துடைத்தது நான், இவளோடு மட்டும் நேராக நடக்கிறது. விறகோடு பின்னால் வந்த பக்கத்து வீட்டு அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதையில ஒன்னும் இல்ல புள்ள" என்றார் மெதுவாக. "ஒங்கிட்டத்தான் என்னமோ இருக்கு."

இந்தப் பேய் பிசாசுக் கதையை எல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அன்றிலிருந்து குட்டியின் கண்ணைப் பார்க்கப் பயந்தேன். ஒவ்வொரு முறையும் குறுக்கே வருவதற்கு முன் அது தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கும். என்ன இருக்கிறது என் முகத்தில்? கண்ணாடியில் பார்த்தேன். நான்தான் இருந்தேன். குட்டி விளையாடுவதைக் குறைத்துக்கொண்டது. நடந்து வந்தபின் தீனியைத் தொடாமல், நான் எங்கே போகிறேன் என்று பார்த்தபடியே படுத்துக்கிடந்தது. நான் எழுந்தால் அதுவும் எழுந்தது.

கூட்டாளி நிலையத்துக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். தெரிந்ததும் அவளை ஒரு பிடி பிடித்தேன்.

"காட்டிக் குடுத்துட்ட இல்ல? இனி பிடிவாதக்கார நாய்னு சொல்லித் தள்ளிருவாங்க."

"நான் சொல்லாமல் விட்டு, பிறகு அந்த அக்காவை இது நடு ரோட்டில நிப்பாட்டினா ஆரடி பொறுப்பு?" என்றாள்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நிலையத்துப் பயிற்சியாளர் ஒருநாள் மத்தியானம் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், எங்களை 'நங்கி' என்று தங்கச்சிகளாகவே கூப்பிடுவார். வேனைக் கடையடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். பாதையில் என்னையும் குட்டியையும் மேலும் கீழும் நடத்திப் பார்த்தார். குட்டி பிசகவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவார் என்று பார்த்தால், அவர் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். "அது நிக்கிற நேரம் வரட்டும்" என்றார்.

அந்த நேரம் வந்தது. நானும் குட்டியும் முன்னால், அவரும் கூட்டாளியும் பின்னால். இன்றைக்கு மட்டும் நிற்காதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். வளைவில் குட்டி என் முகத்தைப் பார்த்தது. முழங்காலில் அதன் உடம்பு வந்து ஒட்டியது.

"போ" என்றேன். இழுத்தேன். "போ சனியனே!"

"இழுக்க வேணாம் நங்கி. அத விட்டுட்டு உங்க கால முன்னுக்கு நீட்டிப் பாருங்க."

நீட்டினேன். கால் எதிலும் படவில்லை. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மழை கானின் ஓரத்தைத் தின்று தின்று, கல்பலகையும் ஒரு பக்கமாக நகர்ந்துபோயிருந்தது.

"கான் தெரியலையா?"

"இருட்டுல யாருக்கு சேர் தெரியும்?"

கூட்டாளி, நான் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்.

"இன்னும் இருட்டேல்லையடி."

அவர் என் முன்னால் வந்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேட்டார். "நீங்க இன்னும் கைய தூக்கவே இல்லையே" என்றேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கித்தான் வைத்திருந்தாராம். பிறகு பெரியாஸ்பத்திரியில் சொன்னதும் அதைத்தான். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே குறைந்துகொண்டு வருகிறது, நடுவில் கொஞ்சம் மிச்சம், வெளிச்சம் இறங்கினால் அதுவும் இல்லை. நிறுத்த மருந்து இல்லை. எல்லோருக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தெரியும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வேறு யாருடைய கண்ணாலும் நான் பார்த்ததில்லையே.

அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, அசதி, நேற்றுத் தூங்கவில்லை, பாதை சரியில்லை, தோட்டத்து நிர்வாகம் சரியில்லை என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒன்னு குட்டியில பிழை" என்றார். "இல்லாட்டி உங்க கண்ணுல. குட்டியிலன்னா இன்னைக்கே இத தள்ளிருவேன். நீங்களே சொல்லுங்க நங்கி."

குட்டி இன்னும் என் முழங்காலில் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. கையைக் கீழே விட்டேன், தலை கிடைத்தது. சனியன் என்று சற்று முன்னால் சொன்னேன் அல்லவா, அந்தத் தலை. எனக்கு மயானத்தைவிட, புலியைவிட, வாயைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

"குட்டியில பிழை இல்ல சேர்."

"ஆமா" என்றார். "யாரும் பழக்காமலே பழகியிருக்கு. அந்த அக்காவுக்கு இதவிட நல்லது கிடைக்காது." அவர் அத்துடன் நிறுத்துவார் என்று நினைத்தேன். "ஆனா இன்னும் குழந்தை. ஒரு ஆளோட உசிர இந்த வயசுல தூக்கிக்கிட்டு பயந்து பயந்து வேலை செய்யுது. இப்படியே விட்டா பயத்துலயே கெட்டுப்போயிரும். நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்."

"நாளைக்குக் காலையில? அம்மா ஒருதரம் பாத்துரட்டும்."

"இன்னைக்கே, நங்கி."

என்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்ததற்காகவே அதை என்னிடமிருந்து எடுக்கிறார்கள். சண்டை பிடிக்க ஆயிரம் வார்த்தை என்னிடம் இருந்தது. வாரை அவர் கையில் கொடுத்தேன். அவர் நாக்கால் ஒரு சத்தம் எழுப்ப, குட்டி அவரோடு ரோட்டுப் பக்கம் இறங்கிப் போனது. கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறவில்லை. கல்லில் குட்டியின் நகம் படும் சத்தம் கொஞ்சத் தூரம்வரை கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

"போக மாட்டனெண்டு நிக்குது" என்றாள் கூட்டாளி. அவள் அழுதுகொண்டிருந்தாள். "திரும்பி உன்னையே பாக்குதடி."

மரமும் பாதையும் வானமும் எனக்கு ஒரே நிறமாக இருந்தன. நான் எல்லாப் பக்கமும் தலையைத் திருப்பினேன்.

"எங்க?" என்று கேட்டேன்.